தந்தி மீண்டும் நரம்பானது: சாங்கி முகாமின் இசைக்கருவிகள்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுப்பது தமிழ் மரபு. இவற்றுள் நரம்புக்கருவிக்கு உயிராவது இழுத்துக் கட்டிய நரம்பு. அதற்குத் தந்தி என்றும் பெயர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பி வழியே செய்தி செல்லத் தொடங்கியபோது, தமிழ் மக்கள் வீணைக்கும் யாழுக்கும் உரிய அச்சொல்லையே புதிய கம்பிக்கும் இட்டனர். நாளடைவில் தந்தி என்றால் அவசரச் செய்தி என்னும் பொருளே முன்னின்றது, இசைப்பொருள் பின்தங்கியது. 2013-ஆம் ஆண்டில் இந்தியாவில் தந்திப் பணி நிறுத்தப்பட்டபின், செய்திப்பொருளும் பழங்கதையாயிற்று.

செய்திக்கென இழுக்கப்பட்ட கம்பி மீண்டும் இசை நரம்பாக மாறிய காலம் ஒன்று உண்டு. அது 1942 முதல் 1945 வரை சிங்கப்பூரில் சிறைப்பட்டோர் வாழ்ந்த காலம். போர்க்களத் தொலைபேசிக்கு இழுத்த கம்பியை அவர்கள் மரப்பெட்டிப் பலகையின்மேல் கட்டி மீட்டினார்கள். அந்தக் கருவிகளின் வரலாறு கைத்திறனைப் பற்றியது மட்டுமன்று. ஒரு கலை அழிவிலிருந்து எவ்வாறு மீள்கிறது, எப்போது மீளாமற் போகிறது என்பதையும் அது விளக்குகிறது.

கோவலன் செய்த யாழ்

கிடைத்த பொருளைக் கொண்டு நரம்புக்கருவி செய்யும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஆநிரை மேய்க்கும் கோவலன் ஒருவன் வருகிறான். அவன் தீக்கடை கோலின் நெருப்பால் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அவ்விசை சலித்தபோது குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்று செய்துகொள்கிறான். தச்சனும் கொல்லனும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. காட்டில் கிடைத்தவை கொம்பும் நாருமே. எது நரம்பாகும், எது கொம்பாகும் என்னும் அறிவு அவனிடத்தே இருந்தது.

அரசவைப் பாணனின் யாழ் இதனினும் நுணுக்கமானது. பொருநராற்றுப்படை அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. பத்தர் மான்குளம்பு பதிந்த சுவட்டுக்கும், கோடு தலைதூக்கிய பாம்புக்கும் உவமிக்கப்படுகின்றன. எளிய வில்யாழாயினும் அரசவை யாழாயினும் அடிப்படை மூன்றே: விறைத்த நரம்பு, அதனைத் தாங்கும் கொம்பு, ஒலியைப் பெருக்கும் உட்குழிவு. இம்மூன்றும் தம்முள் பொருந்தினால் எப்பொருளும் கருவியாகும். சாங்கியில் கருவி செய்தோரும் இந்த அறிவையே நம்பினர்.

சாங்கி முகாம்

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. இரண்டு நாட்களுக்குப்பின், பிரித்தானிய, ஆஸ்திரேலியப் படையினர் ஏறத்தாழ 50,000 பேர் தீவின் கீழ்க்கோடியிலுள்ள சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அங்கே பிரித்தானியர் கட்டிய பாசறைகள் இருந்தன. ஆஸ்திரேலியர் சிலாராங் பாசறையில் தங்கவைக்கப்பட்டனர். 1936-இல் கட்டிமுடிக்கப்பட்ட சாங்கிச் சிறைச்சாலை முதலில் படையினருக்கன்றி ஐரோப்பியக் குடிமக்களுக்கே ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 600 கைதிகளுக்கென எழுந்த அக்கட்டடத்தில் 3,000 பேர் வரை அடைக்கப்பட்டனர். 1944-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர்கள் சைம் சாலை முகாமுக்கு மாற்றப்பட்ட பின்னரே போர்க்கைதிகள் சிறைக்குள்ளும் அதனைச் சூழ்ந்த அத்தாப்புக் குடிசைகளிலும் குடியேறினர்.

உணவு குறைவு, மருந்து அரிது. 1942 செப்டம்பர் தொடக்கத்தில், தப்பியோட மாட்டோம் என்னும் உறுதிமொழியில் கையொப்பமிட மறுத்ததற்காக, 15,000-க்கு மேற்பட்டோர் சிலாராங் சதுக்கத்தில் நெருக்கி அடைக்கப்பட்டனர். இத்தகைய இடத்தில் பாட்டும் நாடகமும் எழுந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் ஆஸ்திரேலியரிடையே ஒரு கலைக்குழு தொடக்கத்திலேயே அமைந்தது. பிரித்தானியரும் தமக்கென அரங்குகள் அமைத்தனர். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஓவியர் ரொனால்ட் சேர்ல் அந்த அரங்குகளுக்குத் திரைச்சீலைகள் வரைந்தார். நாடகத்துக்குப் பாட்டு வேண்டும். பாட்டுக்குக் கருவி வேண்டும். கொண்டுவந்த கருவிகள் சில. அவையும் வெப்பத்திலும் ஈரத்திலும் பிளந்தன. எனவே பழுதானதைப் பிரித்துச் சேர்ப்பதும், இல்லாததைப் புதிதாகச் செய்வதும் தேவையாயின.

உடைந்தவற்றின் பயன்

சாங்கியில் எதுவும் குப்பையாகக் கழியவில்லை. இதற்கு இன்றும் சான்று கூறும் பொருள்கள் உள்ளன. ஹாரி ஸ்டாக்டன் என்னும் வீரர் பீரங்கிக் குண்டின் பித்தளை உறையைக் கொண்டு ஒரு சிலுவை செய்தார். அதில் படைச்சின்னங்களைப் பொறித்தவர், குடைக்கம்பியின் கூர்நுனியை உளியாகப் பயன்படுத்தினார். ஸ்டான்லி வாரன் நோயுற்றிருந்த நிலையில் ராபர்ட்ஸ் பாசறைச் சுவரில் விவிலியக் காட்சிகளை வரைந்தார். அவருடைய நீலவண்ணம் பில்லியர்ட்ஸ் கோலுக்குத் தேய்க்கும் சுண்ணக்கட்டியிலிருந்து வந்தது. கால் இழந்தோருக்கு முகாமிலேயே செயற்கைக் கால்கள் செய்யப்பட்டன. துடைப்பத்தின் தலைக்குள் இரகசிய வானொலிப் பெட்டி மறைந்திருந்தது.

துறைமுகத்திலும் கிடங்குகளிலும் வேலைக்கு அனுப்பப்பட்ட கைதிகள் திரும்பும்போது ஆணி, கம்பி, தகரம் ஆகியவற்றை ஒளித்துக் கொணர்ந்தனர். இந்தச் சூழலில் பிறந்தவையே கைவினைக் கித்தார்களும் உகுலேலேகளும் வயலின்களும். சிங்கப்பூரில் சிறைப்பட்டுத் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்ட ஒரு பிரித்தானிய வீரர், செஞ்சிலுவைச் சங்கப் பெட்டியின் பலகையையும் தொலைபேசிக் கம்பியையும் கொண்டு நான்கு நரம்புள்ள உகுலேலே செய்து நண்பர்களை மகிழ்வித்தார். முகாம்தோறும் இத்தகையோர் இருந்தனர்.

கருவியின் கணக்கு

பெட்டிப் பலகையில் கம்பியைக் கட்டிவிட்டால் இசை வந்துவிடாது. அதற்குக் கணக்கு உண்டு. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் வெளியிட்ட விதிகளின்படி, நரம்பின் நீளம் பாதியானால் சுருதி ஒரு தானம் உயரும். அதே உயர்வை இழுவிசையால் பெறவேண்டுமானால் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். நரம்பின் எடை நான்கு மடங்கானால் சுருதி ஒரு தானம் தாழும். மந்தர நரம்பு தடித்தும் தார நரம்பு மெலிந்தும் இருப்பதன் காரணம் இதுவே. போர்க்களத் தொலைபேசி வடத்தில் மின்சாரம் பாயச் செம்பு இழைகளும் வலுவுக்காக எஃகு இழைகளும் சேர்த்து முறுக்கப்பட்டிருக்கும். எஃகு இழை இழுவிசையைத் தாங்கும். மென்மையான செம்பு தாங்காது. ஆனால் எஃகின்மேல் செம்பைச் சுற்றினால் எடை கூடி மந்தர ஒலி பிறக்கும். கடையில் விற்கும் தடித்த நரம்பும் இவ்வாறு கம்பி சுற்றியதே. போர்க்களத்து வடத்தைப் பிரித்தவனுக்கு ஒரு கருவிக்கு வேண்டிய இரு உலோகங்களும் ஒருங்கே கிடைத்தன.

அடுத்தது இழுவிசையைத் தாங்கும் உடல். வயலினின் நான்கு நரம்புகளும் சேர்ந்து 20 கிலோ எடைக்குக் குறையாமல் இழுக்கின்றன; எஃகு நரம்புக் கித்தாரில் அவ்விழுவிசை இன்னும் பன்மடங்கு. மெலிந்த பலகை அதிரும், ஆனால் முறியும். தடித்த பலகை நிற்கும், ஆனால் பாடாது. இவ்விரண்டுக்கும் இடையே அளவறிந்து செதுக்குவதே கருவித்தச்சனின் கலை. தஞ்சை வீணைக்குப் பலாமரத்தையும், ஐரோப்பிய வயலினின் மேற்பலகைக்கு ஸ்புரூஸ் மரத்தையும் தேர்ந்தெடுத்தமைக்கு நூற்றாண்டுகளின் அனுபவம் காரணம். பெட்டிப் பலகையில் தேர்வுக்கு இடமில்லை. முடிச்சில்லாத துண்டைப் பொறுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, விரலால் தட்டி ஓசை கேட்பது ஒன்றே வழி.

உடைந்த கருவியைப் பிரித்துச் சேர்ப்பவனுக்கு வேறு வகைத் தொல்லை. பிரடையும் வால்துண்டும் மறு கருவிக்குப் பயன்படும். குதிரை பயன்படுவது அரிது. ஒவ்வோர் உடலின் வளைவுக்கும் குதிரையின் அடி தனித்தனியே இழைக்கப்பட வேண்டும். வயலினுள், குதிரைக்கு அருகே, மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் ஒரு சிறு குச்சி நிற்கும். பிரெஞ்சுக்காரர் அதற்கு ஆன்மா என்றே பெயரிட்டுள்ளனர். அது சாய்ந்தால் ஒலி குன்றும், மேற்பலகையும் தாழும். கருவியின் இணைப்புகளுக்குத் தச்சர் வஜ்ஜிரம் பூசுவர். வஜ்ஜிரம் ஈரத்தில் இளகும் தன்மையது. மலாயாவின் மழைக்காலத்தில் மரப்பொருத்துகள் தாமே வாய் பிளப்பது இதனால்தான்.

மெட்டு வைப்பதும் கணக்கே. வீணையில் மெழுகுக் கலவையின்மேல் 24 மெட்டுகள் பதிக்கப்படும். சுருதி பிழைத்தால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கித்தார் வகைகளில் மெட்டு மரத்திலேயே பதிவதால் பிழை நிலைத்துவிடும். ஆகவே எஞ்சிய நரம்பு நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து, ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டை வைப்பது பழைய கருவித்தச்சர் வழக்கம். இதற்கு நூலும் மடித்த காகிதமும் போதும். பொருள் இன்றியும் அறிவு கைவந்தால் கருவி உருப்பெறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பிற நாட்டுச் சான்றுகள்

இந்நிலை சாங்கிக்கு மட்டும் உரியதன்று. முதல் உலகப்போரின்போது 1915-இல் பிரெஞ்சுச் செல்லோக் கலைஞர் மோரிஸ் மரெஷாலுக்கு, தச்சுத்தொழில் அறிந்த உடன்வீரர் இருவர், வெடிப்பெட்டிப் பலகையாலும் கதவு மரத்தாலும் ஒரு செல்லோ செய்து தந்தனர். ஃபோஷ், பெத்தேன் முதலிய படைத்தலைவர்கள் அதன்மேல் கையொப்பமிட்டனர்; இன்று அது பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் பார்த் நகர முகாமில் இருந்த அமெரிக்க விமானி கிளேர் கிளைன், கட்டில் சட்டங்களைச் செதுக்கியும், நாற்காலிப் பொருத்துகளில் உறைந்திருந்த பசையைச் சுரண்டி உருக்கியும் வயலின் செய்தார். 1944 கிறிஸ்துமஸ் இரவில் அது முகாமில் ஒலித்தது.

கெர்லிட்ஸ் முகாமில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் இயற்றிய நால்வர் இசை 1941 ஜனவரி 15-ஆம் நாள் அரங்கேறியது. அன்று செல்லோவுக்கு மூன்று நரம்புகளே இருந்தன என்று மெசியான் பின்னாளில் கூறிவந்தார். வாசித்த பஸ்கியேயோ நான்கும் இருந்தன என்று மறுத்தார். வறுமையைச் சற்று மிகைப்படுத்திச் சொல்வது கதைக்கு அழகு. வரலாற்றுக்கு அது குறை. சிறைமுகாமின் கருவிகளைப் பற்றி எழுதுவோர் பஸ்கியேயின் திருத்தத்தை நினைவிற் கொள்வது நல்லது.

பான் போங் நிலையத்தில் விட்டவை

இசை கைதிகளைக் காப்பாற்றியது என்று பொதுவாகக் கூறுவர். அக்கூற்றுக்கு எல்லை உண்டு. 1943 ஏப்ரலில் ‘எஃப் படை’ என்னும் பெயரில் 7,000 கைதிகள் சாங்கியிலிருந்து அனுப்பப்பட்டனர். உணவு மிகுந்த நலமான இடத்துக்குச் செல்வதாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இசைக்குழுக்களும் தத்தம் கருவிகளுடன் வரலாம் என்றனர். நோயுற்றோரும் அதனை நம்பிப் புறப்பட்டனர். இரயில் அவர்களைத் தாய்லாந்தின் பான் போங் நிலையத்தில் இறக்கியது. அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் காட்டுவழியே இரவில் நடக்கவேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. சுமக்க இயலாத பொருள்கள் அங்கேயே விடப்பட்டன. சயாம்–பர்மா இரயில்பாதை வேலையில் அப்படையினருள் 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இசைக்கருவியைக் காட்டி நம்பிக்கை ஊட்டி மனிதரை ஏமாற்றவும் முடிந்தது.

கருவியே இல்லாத நிலையும் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து கப்பலேறித் தப்ப முயன்று சுமாத்திராவில் சிறைப்பட்ட பெண்களுள், சிங்கப்பூரில் சமயப்பணி ஆற்றிய மார்கரெட் டிரைபர்கும் லண்டனில் வயலின் பயின்ற நோரா சேம்பர்ஸும் இருந்தனர். பலகையும் கம்பியும் தேட வழியில்லாத அவர்கள், பெரிய இசைக்குழுக்களுக்கு எழுதப்பட்ட உருப்படிகளை நினைவிலிருந்து மீட்டெழுதி, நரம்புக்கருவிகளின் பங்கைப் பெண்குரல்களுக்குப் பகிர்ந்தனர். 1943 டிசம்பர் 27-ஆம் நாள் பாலெம்பாங் முகாமில் சொல்லின்றி ஓசையாகவே அவ்விசை எழுந்தது. 1945-இல் டிரைபர்க் உட்பட அவர்களுள் பலர் இறந்தனர். எழுதிவைத்த தாள்கள் எஞ்சின. அத்தாள்களைக் கொண்டு பின்வந்தோர் அவ்விசையை மீண்டும் பாடினர்.

பெயர் எழுதப்படாதோர்

தமிழ் வாசகர் கேட்கவேண்டிய கேள்வி இங்கே எழுகிறது. சாங்கி முகாமின் கருவியும் ஓவியமும் நாட்குறிப்பும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அதே இரயில்பாதையில் உழைத்த தமிழரின் பொருள்கள் எங்கே?

415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் உழைத்த போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். மாண்டோர் 12,000-க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் பேர் வரை என மதிப்பிடப்படுகின்றனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது பலர் கணிப்பு. இந்த எண்களின் இடைவெளியே ஒரு செய்தி கூறுகிறது. போர்க்கைதிகளை எண்ணினார்கள், தொழிலாளரை மதிப்பிட்டார்கள்.

காரணம் வெளிப்படை. படைவீரனுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு, மேலதிகாரி உண்டு, மருத்துவர் குறிப்பெழுதினார், போர் முடிந்தபின் அரசாங்கம் தேடிவந்தது. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கற்கள் உள்ளன. தோட்டத் தொழிலாளனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவன் தோட்டத்தில் உடுக்கையும் உறுமியும் அறிந்தவன். காவடிச்சிந்தும் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்தவன். கொட்டாங்கச்சியில் தோல் போர்த்தி, மூங்கிலில் கம்பி கட்டி வயலின் விற்கும் திருவிழாக் கடைகள் தமிழ்நாட்டில் உண்டு. கிடைத்த பொருளில் இசை செய்யும் வழக்கம் அவனது ஊரிலும் இருந்தது. காட்டு முகாமில் அவன் பாடியதைக் குறித்துவைக்க ஒரு தாளும் இல்லை. பின்னாளில் மலேசிய எழுத்தாளர்கள் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்றும் நாவல்கள் எழுதினர். வரலாற்றுப் பட்டியல் விட்ட இடத்தைப் புனைகதை நிரப்ப வேண்டியதாயிற்று.

சொல் எஞ்சினால் மரம் மீளும்

சங்ககால யாழின் மரத்துண்டு ஒன்றும் தமிழகத்தில் எஞ்சவில்லை. எனினும் அதன் பத்தரும் கோடும் நரம்பும் நூல்களில் சொல்லாக நின்றன. அச்சொற்களையும் உரைக்குறிப்புகளையும் இசைக்கணக்கையும் கொண்டு விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆய்ந்து ‘யாழ் நூல்’ இயற்றினார். 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியபோது, ஆய்வின்படி செய்த யாழ்களும் அங்கே காட்டப்பட்டன. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். சாங்கிக் கைதி நினைவிலிருந்த அளவைக் கொண்டு பெட்டிப் பலகையைக் கருவியாக்கினான். அடிகள் ஏட்டிலிருந்த சொல்லைக் கொண்டு மறைந்த யாழை மீட்டார். இரண்டிலும் மூலப்பொருள் அறிவே. எது நினைவிலும் ஏட்டிலும் இல்லையோ அதனை எந்தத் தச்சனாலும் மீட்க இயலாது.

சாங்கிச் சிறையின் பழைய கட்டடம் 2004-இல் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. அதன் வாயிலும் மதிலின் ஒரு பகுதியும் காவற்கோபுரங்களும் 2016-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. மேல் சாங்கிச் சாலை வடக்கில் சாங்கி ஆலயமும் அருங்காட்சியகமும் புதுப்பிக்கப்பட்டு 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டன. பள்ளி மாணவர் அங்கே சென்று, கைதிகள் எஞ்சிய பொருளைக்கொண்டு செய்தவற்றைக் காண்கின்றனர். அவர்களை அழைத்துச் செல்லும் தமிழாசிரியர் இன்னும் ஒரு வேலையையும் தரலாம். சயாமுக்குச் சென்று திரும்பியோரின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் முதியோராக உள்ளனர். தந்தை பாடியது, தாய் அழுத ஒப்பாரி, முகாமைப் பற்றி வீட்டில் வழங்கிய ஒரு சொல் ஆகியவற்றுள் எதுவேனும் அவர்கள் நினைவில் இருக்கக்கூடும். மாணவர் அவற்றைக் கேட்டு, சொன்னவாறே, கூட்டாமல் குறைக்காமல், சொன்னவர் பெயருடன் எழுதிவைத்தால் போதும். நரம்பை எவரும் பின்னால் கட்டிக்கொள்வர்.